மேட்டுநல்லேரி தனி ஊரான வருடம்

வியாழன், காலை

திருச்சியில் ரயிலைக் கோட்டை விட்டவர்களுக்கு வேப்பூர்தான் கதி. விருத்தாசலத்துக்கு நேராகப் போகிற ரயில் என் கண்ணெதிரிலேயே பிளாட்பாரத்தை விட்டு நகர்ந்தது. ஆத்திரத்தில் சென்னை பஸ்ஸைப் பிடித்து, நூறு கிலோமீட்டருக்கு மேல் உட்கார்ந்து வந்து வேப்பூரில் இறங்கினேன். நெடுஞ்சாலையை ஒட்டி ஓட்டல்கள், ஓட்டல்களை ஒட்டி லாரிகள். இரண்டு இட்லி, வடை, டீ எல்லாம் சேர்த்து ஐம்பத்தைந்து ரூபாய். சட்னியில் இருந்த காரம் லாரி டிரைவர்களின் தூக்கத்தைக் கலைக்க வைத்ததாக இருக்க வேண்டும். விருத்தாசலம் போய்ச் சேரும்வரை நான் கண் மூடவில்லை.

திருச்சியில் ஒரு தனியார் கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்வது என் வேலை. லீவு கிடைத்தால் ஊர் சுற்றுவதும் சுற்றியதை எழுதுவதும் பொழுதுபோக்கு. பீங்கான் ஊர் என்று பெயர் வாங்கிய விருத்தாசலத்தைப் பார்க்க வேண்டும் என்பது பல வருட ஆசை. செல்வி அழைத்ததும் கிளம்பிவிட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் அவள் எங்கள் கிளினிக்கில் நர்ஸாக இருந்தவள். அவள் கணவர் குமரவேல் விருத்தாசலத்தில் சின்னதாக ஒரு பீங்கான் பட்டறை வைத்திருக்கிறார்; வீடு பக்கத்துக் கிராமத்தில். ஃபியூஸ் கட்டை, அகல் விளக்கு, கொலு பொம்மை எல்லாம் செய்கிறார்கள்.

முற்பகல்

பட்டறையில் நுழைந்ததும் முதல் ஏமாற்றம். சூளை எரியவில்லை. கதவைத் திறந்து போட்டுக் கடைசிச் சுமையை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, நீங்க போன வாரம் வந்திருக்கணும்," என்றார் குமரவேல். வெள்ளை மாவு படிந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு ஊர்ல காப்பு கட்றோம். கட்டிட்டா எட்டு ராத்திரிக்கு ஒருத்தரும் வெளிய தங்கக் கூடாது. ராத்திரி நெருப்புக்கு ஆளில்லாம சூளைய எப்படி எரிக்கிறது?"

இந்தப் பக்கத்து ஊர்களுக்குத் தெரிந்த கதைதான், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆடியில் மாரியம்மன் திருவிழாவுக்கு முதலில் காப்பு கட்டுவார்கள். அம்மன் கையில் மஞ்சள் கயிறு ஏறும் நேரத்தில் யார் ஊர் எல்லைக்குள் இருக்கிறார்களோ அவர்கள் எல்லாரும் திருவிழா முடியும்வரை ராத்திரி அந்த எல்லைக்குள்ளேதான் படுக்க வேண்டும். பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். காப்பு கட்டிய பிறகு வெளியூர்க்காரர் யாரும் வந்து ராத்தங்கவும் கூடாது. மீறினால் அம்மை வரும், ஊருக்கே ஆகாது என்பார்கள்.

"அப்போ நான்?" என்றேன்.

"நாளைக்குச் சாயங்காலம் காப்புக்கு முன்னாடி பஸ் ஏறிடுங்க. இல்லன்னா எட்டு ராத்திரி எங்க வூட்டு விருந்தாளி," என்று சிரித்தார்.

பட்டறையின் மூலையில் துணி போர்த்தி ஓர் உருவம் இருந்தது. துணியை விலக்கினார். அம்மன்! முழுக்கப் பீங்கான். பால் வெள்ளை உடம்பு, மஞ்சள் முகம், சிவப்புப் புடவை, அத்தனையும் தேநீர்க் கோப்பை மாதிரி பளபளத்தது. உற்சவருக்கு வெங்கலம் வார்க்கக் கையில் தோதில்லை, அதனால் சொந்தச் சூளையிலேயே சுட்டுவிட்டோம் என்றார். சுட்டது சரி. ஆனால் பீங்கான் சூளைக்குள் போனால் சுருங்கும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், பீடம் செய்த ஆசாரியைத் தவிர. அவர் ஈர மண்ணில் அளவெடுத்துப் பீடத்தை முடித்துவிட்டார். இப்போது அம்மன் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்த பிள்ளை போல இருக்கிறாள். இரண்டு பக்கமும் வேப்பிலையைத் திணித்துச் சமாளிக்கப் போகிறார்களாம்.

"ஊருக்கு ஏற்கெனவே அம்மன் இருக்கிறாளே, எதற்குப் புதிதாக?" என்று கேட்டேன். அப்போதுதான் முழுக் கதையும் வந்தது.

பிற்பகல்

நல்லேரி, விருத்தாசலத்திலிருந்து கருவேப்பிலங்குறிச்சி போகும் வழியில், பதினோரு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் என் செலவு பூஜ்யம். பஸ் நிறுத்தத்தில் இறங்கினால் வலது பக்கம் ஏரியை ஒட்டி நல்லேரி. இடது பக்கம் ஒரு மேடு, மேட்டின் மேல் நூற்றுச் சொச்சம் வீடுகள். அதுதான் மேட்டுநல்லேரி. நேற்றுவரை நல்லேரியின் ஒரு பகுதி, இந்த வருடம் தனி ஊராட்சி. இரண்டுக்கும் நடுவில் அரைக் கிலோமீட்டர்கூட இல்லை.

பிரிந்ததற்குக் காரணம் தண்ணீர். மேல்நிலைத் தொட்டி நல்லேரியில். அங்கிருந்து விடுகிற தண்ணீர் மேட்டுக்கு ஏறாது. மேட்டுப் பெண்கள் வருடக்கணக்காகக் குடத்தோடு இறங்கி ஏறினார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், மேடு தனியாகப் போகிறது என்று முடிவெடுத்தார்கள். முன்னால் நின்றவர் குமரவேல்.

"நானும்தானக்கா கையெழுத்துப் போட்டேன்," என்றாள் செல்வி. அவள் பிறந்தது நல்லேரி, வாழ்க்கைப்பட்டது மேடு. "மாசமா இருந்தப்ப ரெண்டு கொடம் தூக்கிட்டு இந்த மேட்டுல ஏறியிருக்கேன். இப்ப பாருங்க, எங்க ஊருக்குன்னு தனித் தொட்டி, வாசல்ல குழாய்." குழாயைத் திறந்தும் காட்டினாள். தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷம் தெருவில் நாலு எட்டு நடக்கும் வரைதான். நிறுத்தத்திலிருந்து மேட்டுக்கு வரும் சாலையில் ஜல்லி பெயர்ந்து கிடந்தது. நல்லேரிக்காரர்கள் அது மேட்டுச் சாலை என்கிறார்கள். மேட்டுக்காரர்கள் நல்லேரியில் தொடங்கும் சாலை நல்லேரிச் சாலைதானே என்கிறார்கள். ஆக, அது யாருடைய சாலையும் இல்லை. ரேஷன் கடை அந்தப் பக்கம், அதற்கு மின்சாரம் தரும் டிரான்ஸ்பார்மர் இந்தப் பக்கம். சுடுகாடு அந்தப் பக்கம். பிரிந்த பிறகு மேட்டில் இன்னும் யாரும் சாகவில்லை என்று ஒருவர் நிம்மதியோடு சொன்னார். இத்தனை பேர் கூடிப் பேசி எடுத்த முடிவில் இதையெல்லாம் ஒருவர்கூடவா யோசிக்கவில்லை?

மாலை

செல்வி என்னைத் தன் அப்பாவைப் பார்க்க நல்லேரிக்கு அழைத்துப் போனாள். கலியபெருமாள் ஐயாவுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். மனைவி இல்லை. மகன் குவைத்தில். போன மாதம் ஏரிக்கரையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு உடைந்து, தகடு வைத்துக் கட்டியிருக்கிறார்கள். எழுந்திருக்கக் கூடாது, ஆட்டவும் கூடாது. தானாகப் புரண்டு படுக்க முடியாது. ராத்திரியில் இரண்டு மூன்று தடவை யாராவது தூக்கித் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். ஒரு சின்னப் புண் ஏற்கெனவே வந்து, இப்போதுதான் ஆறுகிறது. பகலில் செல்வி வந்துபோவாள். ராத்திரியில் இங்கேயே படுத்துக்கொள்வாள்.

படுத்திருந்தாலும் அவர் வாய் படுக்கவில்லை.

"வாங்கம்மா. திருச்சியா? மலைக்கோட்டையில ஏறுற ஊரு. எம்மாப்பிள்ள இங்க ஒரு மேட்டுல ஏறிக்கிட்டு அதையே மலைக்கோட்டைன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு."

"அப்பா!" என்றாள் செல்வி.

"இன்னாடி, பொய்யா சொல்லிட்டேன்? கூடி வாழ்ந்தா கோடி நன்மைம்பாங்க. கூடி இருந்தப்ப மேட்டுக்கு ஒரு கொடம் தண்ணி ஏறல. அதனால பிரிஞ்சது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா பிரிஞ்சவங்க காப்புக்கு வேற நாள் பாத்திருக்கக் கூடாது?"

எனக்கு உடனே புரியவில்லை. செல்விதான் விளக்கினாள். நல்லேரி வழக்கம்போல ஆடி இரண்டாம் வெள்ளியில் காப்பு கட்டுவதாக அறிவித்தது. மேடும் அதே வெள்ளி என்றது. ஒரு வாரம் பின்னால் வைத்தால் நல்லேரிக்குக் கீழே என்று ஆகிவிடுமாம். முன்னால் வைக்க அம்மன் சூளையிலிருந்து வரவில்லை. ஆகவே ஒரே நாள், ஒரே நேரம், இரண்டு காப்பு, இரண்டு எல்லை.

ஒன்றாக இருந்தவரை காப்புக்கு ஒரே எல்லைதான். மேட்டில் இருப்பவள் கீழே வந்து படுத்தாலும் ஊருக்குள் படுத்ததாகத்தான் கணக்கு. நாளைக்குச் சாயங்காலத்திலிருந்து அப்படி இல்லை. மேட்டில் காப்புக்குள் இருப்பவள் நல்லேரியில் ராத்தங்க முடியாது. நல்லேரி அவளை வெளியூர்க்காரி என்று சொல்லும்.

"அப்போ ராத்திரி ஐயாவை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது.

"விருத்தாசலத்துலேருந்து ஒரு ஆள் வராருக்கா. எங்க வூட்டுக்காரருதான் ஏற்பாடு பண்ணியிருக்காரு. காப்புக்கு முன்னாடி வந்துட்டா எட்டு ராத்திரியும் இங்கயே இருப்பாரு," என்றாள்.

நான் சமாதானமானேன். அன்று அவள் அப்பா வீட்டில் தங்கினாள். நான் மேட்டில் அவள் மகள் யாழினியோடு படுத்துக்கொண்டேன். பத்து வயதுப் பெண். நாளைக்கு முதன்முதலாக முளைப்பாரிக் குடம் தூக்கப் போகிற பரபரப்பில் தூங்குவதாகவே இல்லை. "அம்மா பக்கத்துலயே வருவாங்க ஆன்ட்டி. கொடம் சாஞ்சா பிடிச்சுக்குவாங்க," என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினாள்.

வெள்ளி, காலை

மேடு முழுக்க மாவிலையும் வேப்பிலையும். தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கி. கூழ் காய்ச்சிச் சாகை வார்க்கப் பெரிய அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். அம்மன் வேனில் வைக்கோல் மெத்தையில் வந்து இறங்கினாள். ஜல்லிச் சாலையில் வேன் குலுங்கிய ஒவ்வொரு தடவையும் பத்துப் பேர் "பாத்து, பாத்து" என்று கத்தினார்கள்.

பத்து மணி சுமாருக்கு குமரவேலின் போன் அடித்தது. விருத்தாசலத்து ஆள். எட்டு ராத்திரி வீட்டுக்கே போக முடியாது என்று அவருக்கு நேற்றுத்தான் புரிந்ததாம். "எம்பொண்டாட்டி ஒத்துக்கல, மன்னிச்சுக்குங்க," என்று வைத்துவிட்டார்.

செல்வி பதறவில்லை. அதற்குப் பிறகு எத்தனை போன்! வேப்பூரில் ஒருவர், கம்மாபுரத்தில் ஒருவர். அங்கேயும் ஆடித் திருவிழா, அவர்களுக்கும் அவரவர் காப்பு. நல்லேரியிலேயே யாரையாவது கேட்கலாமே என்றேன்.

"பக்கத்து வூட்ல பகல்ல மோரு குடுப்பாங்கக்கா. ராத்திரிக்கு வர மாட்டாங்க. ஊரப் பிரிச்சவன் மாமனாருக்கு நீ எதுக்குப் போறன்னு கேப்பாங்கன்னு பயம்."

"அவரை இங்கே தூக்கி வந்துவிட்டால்?"

செல்வி ஜல்லிச் சாலையைக் காட்டினாள். அம்மனுக்கே மெத்தை வேண்டியிருந்த சாலை அது. எலும்பு சேரும் நேரத்தில் ஒரு குலுக்கல் போதும், தகடு நகர்ந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"நான் வேண்டுமானால் இருக்கிறேன்," என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எட்டு ராத்திரியும், சனிக்கிழமை காலை டியூட்டியும், என் முதுகு வலியும் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. செல்வி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களால அவரத் தூக்க முடியாதுக்கா," என்றாள் அன்பாக. நானும் அதோடு விட்டுவிட்டேன்.

மதியம் சமையலறையில் புருஷனும் பெண்டாட்டியும் பேசியது எனக்குக் கேட்டது. சின்ன வீடு, காதைப் பொத்திக்கொள்ளவும் முடியாது.

"ஒனக்குப் பதிலா வேற யாரு என் பக்கத்துல நிக்கிறது? முதல் காப்பு, செல்வி. முன்ன நின்னு நடத்துறவன் நானு. ஊரே பாக்கும்."

"எனக்குத் தெரியும்ங்க."

"பாப்பா வேற முளைப்பாரி எடுக்குது."

"அதுவும் தெரியும்."

"சாயங்காலத்துக்குள்ள யாரையாச்சும் புடிச்சிடறேன். நீ மனச விடாத."

அவர் அதற்குப் பிறகும் போனைக் கீழே வைக்கவில்லை என்பதை நான் சொல்லியாக வேண்டும். பம்பைக்காரர்கள் வந்து இறங்கியபோதும், பூசாரி ஏதோ கேட்டபோதும், ஒரு காதில் போனை வைத்துக்கொண்டேதான் தலையாட்டினார். கெட்ட மனிதர் இல்லை. ஒரு நல்ல காரியத்தைச் செய்துவிட்டு அதற்குள் மாட்டிக்கொண்ட மனிதர்.

மாலை

ஐந்தரை பஸ்ஸுக்காகக் கிளம்பினேன். யாழினி மஞ்சள் பாவாடை கட்டி, முளைப்பாரிக் குடத்துக்கு அருகில் காவல் நின்றாள். "அக்காவ பஸ் ஏத்திட்டு வரேன்," என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுச் செல்வி என் பையைத் தூக்கிக்கொண்டாள். மஞ்சள் புடவை, தலை நிறைய பூ. காப்பில் நிற்க வேண்டியவள் அல்லவா. "சீக்கிரம் வா," என்று யாரோ ஒரு பெண் கத்தினாள்.

நிறுத்தத்துக்கு வந்தோம். பஸ் வரவில்லை. இடது பக்கம் மேட்டில் பம்பை, வலது பக்கம் நல்லேரியில் பம்பை. இரண்டும் ஒன்றை ஒன்று மிஞ்சப் பார்த்தன. சூரியன் ஏரிக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. செல்வி பையை இறக்கவே இல்லை. மேட்டிலிருந்து கூப்பிடுவதற்கு முன்னால் போய்விடு, நேரமாகிறது என்று நான்தான் அவசரப்படுத்தினேன்.

பையை என் கையில் கொடுத்தாள்.

"போயிட்டு வாங்கக்கா. கூப்புட்டு ஒழுங்கா ஒரு நாள்கூடப் பாத்துக்க முடியல."

"அதெல்லாம் இல்லை. நீ போ முதலில்."

"போறேங்க்கா."

வலது பக்கம் திரும்பினாள்.

வழி தவறிவிட்டாள் என்றுதான் என் புத்தி முதலில் நினைத்தது. "செல்வி! அந்தப் பக்கம்!" என்று கத்தினேன். அவள் திரும்பிப் பார்த்தாள். நின்றாள். கண் நிறைய தண்ணீர், ஆனால் குரல் நடுங்கவில்லை.

"பாப்பாவுக்கு எட்டு ராத்திரி அவங்கப்பா இருக்காரு. எங்கப்பாவுக்கு யாரும் இல்ல."

புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். நல்லேரி எல்லையில் நின்ற இரண்டு ஆட்கள் அவளைப் பார்த்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறந்த வீட்டுப் பெண்ணைத் தடுக்க அவர்களுக்கு வாய் வரவில்லை போலிருக்கிறது. ஒதுங்கி நின்றார்கள். அவள் தெருவுக்குள் மறைந்தாள்.

ஐந்து நிமிடம் இருக்கும். மேட்டுச் சாலையில் ஜல்லி தெறிக்க மோட்டார் சைக்கிளில் குமரவேல் வந்தார். இடுப்பில் மஞ்சள் வேட்டி, மேலே சட்டை இல்லை, நெற்றியில் குங்குமம்.

"அக்கா, செல்வி எங்க? எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

வலது பக்கம் பார்த்தேன். அவரும் பார்த்தார். அந்த நேரம் பார்த்து நல்லேரியில் வேட்டு வெடித்தது. பெண்கள் குலவையிட்டார்கள். அங்கே காப்பு கட்டியாகிவிட்டது.

வண்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் வேட்டுப் புகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு தடவ திருப்பணும் அவர. இடது கைய அடியில குடுத்துத் திருப்பணும், இல்லன்னா வலிக்கும்," என்றார். "போன வாரம் அவளுக்குக் காய்ச்சல். நாந்தான் போயித் திருப்பிப் படுக்கவெச்சேன். அப்ப காப்பு கட்டல, அதுவும் எங்க ஊருதானக்கா."

மேட்டில் பம்பை சட்டென்று நின்றது. அவரைக் கூப்பிடுகிறார்கள். முகத்தை இரண்டு கையாலும் அழுந்தத் துடைத்துக்கொண்டார். குங்குமம் கன்னத்தில் இழுபட்டது. வண்டியை இடது பக்கம் திருப்பினார்.

"பாப்பாகிட்ட இன்னா சொல்றதுன்னுதான் தெரியல," என்றார். போய்விட்டார்.

பஸ் வந்தது. ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. ஐரோப்பாவில் ஒரு நாடு கூட்டமைப்பை விட்டு வெளியேறியபோது, எல்லையில் லாரிகள் மைல் கணக்கில் நின்ற படத்தைப் பேப்பரில் பார்த்திருக்கிறேன். மீன் அழுகுகிறது, மருந்து தாமதமாகிறது என்று எழுதியிருந்தார்கள். நாடு பெரியது, நமக்கென்ன என்று பக்கத்தைத் திருப்பினேன். திருச்சியில் எங்கள் தெருவின் ஒரு பாதி ஒரு வார்டு, மறு பாதி இன்னொரு வார்டு. குப்பை வண்டி எது என்பதைத் தவிர அதனால் எனக்கு ஒரு நாளும் ஒரு கவலையும் வந்ததில்லை. பிரிவது என்றால் கொடியும் பலகையும் தொட்டியும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எல்லை வந்து ஒரு பெண்ணின் இரண்டு கைக்கும் நடுவில் விழும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பிரிந்ததில் தப்பில்லை என்று இப்போதும் சொல்வேன், அந்தக் குழாயைப் பார்த்தவள் நான். ஆனால் மனசு ஆறவில்லை.

பஸ் மேட்டின் அடிவாரத்தைச் சுற்றித்தான் போகிறது. சீரியல் பல்பு எரிந்தது. புது ஊராட்சியின் வரவேற்பு வளைவுக்கு அடியில் பெண்கள் முளைப்பாரிகளோடு வரிசையாக நின்றார்கள். முதல் ஆளாக யாழினி. தலையில் குடம், இரண்டு கையும் குடத்தின் மேல். பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டாள். சிரித்தாள். பிறகு குடம் சாயாமல் மெதுவாகக் கழுத்தைத் திருப்பி, பஸ் வந்த வழியைப் பார்த்தாள். அம்மா நிறுத்தத்திலிருந்து நடந்து வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.